கல்லில் எழுதிய சட்டமும் இதயத்தில் எழுதிய சட்டமும்

நம் பிள்ளைகளில் பலர் கிறிஸ்தவர்கள் நடத்தும் பள்ளிக்கூடங்களில் படிக்கிறார்கள். நம்மில் பலருக்குக் கிறிஸ்தவ அண்டை வீட்டார் உண்டு. தொழில் கூட்டாளிகள் உண்டு. ஆகவே 'பழைய ஏற்பாடு', 'புதிய ஏற்பாடு' என்ற சொற்கள் நம் காதுக்குப் புதியவை அல்ல. ஆனால் அவை ஒரு பெரிய புத்தகத்தின் முற்பாதிக்கும் பிற்பாதிக்கும் இட்ட பெயர்கள் என்ற அளவோடு நாம் நின்றுவிடுகிறோம். உண்மையில் அவ்விரு பெயர்களுக்குள்ளே ஒரு பெரும் கேள்வி அடங்கியிருக்கிறது. இறைவனுக்கும் மனிதனுக்கும் உள்ள பிணைப்பு எதனால் நிலைக்கிறது? சட்டத்தைக் கைக்கொள்வதாலா, அவனுடைய அருளாலா? உள்ளம் திருந்திவிட்டால் வெளியே இருந்து கட்டளையிடும் சட்டம் தேவையற்றுப் போகுமா?

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி என்று எண்ணிவிட வேண்டாம். "உள்ளம் சுத்தமாக இருந்தால் போதாதா? ஐந்து வேளை குனிந்து நிமிர்ந்தால்தான் அல்லாஹ் ஏற்றுக் கொள்வானா?" என்று நம் வீட்டு வாலிபன் கேட்கிறானே, அவன் கேட்பதும் இதே கேள்விதான். ஐந்து வேளையும் முதல் வரிசையில் தொழுதுவிட்டு, கடைக்குத் திரும்பியதும் எடையில் கை வைக்கும் மனிதரும் அதே கேள்வியின் மறுபக்கத்தில் நின்று கொண்டிருக்கிறார். எனவே, கிறிஸ்தவர்கள் இதற்கு என்ன விடை கண்டார்கள் என்பதை அவர்களே சொல்லும் விதமாக முதலில் அறிந்து கொள்வோம். பிறகு நம் மார்க்கம் காட்டும் வழியைப் பார்ப்போம். வேதக்காரர்களோடு அழகிய முறையிலன்றித் தர்க்கம் செய்யக்கூடாது என்பது திருமறையின் கட்டளை. ஒருவர் நம்பாத ஒன்றை நம்புவதாகச் சொல்லி அதை மறுப்பது அழகிய முறை ஆகாது.

சொல்லின் பொருள்

'ஏற்பாடு' என்று தமிழில் வழங்குவது, மூலத்தில் உடன்படிக்கை என்னும் பொருள் கொண்ட சொல்லாகும். எபிரேய மொழியில் 'பெரீத்' என்பார்கள். யூத வேதங்களைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இதற்கு 'தியாத்தேக்கே' என்ற சொல்லை ஆண்டார்கள். இந்தக் கிரேக்கச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒருவர் தம் மரணத்துக்குப் பின் சொத்து யாரைச் சேர வேண்டும் என்று எழுதி வைக்கும் உயிலையும் அது குறிக்கும். இந்த இரட்டைப் பொருள் சாதாரணமானதல்ல. உடன்படிக்கை என்றால் இரு தரப்பாரும் பொறுப்பேற்க வேண்டும். உயில் என்றால் எழுதியவர் தருகிறார். மற்றவர் பெற்றுக் கொள்கிறார். புதிய ஏற்பாட்டில் உள்ள 'எபிரெயருக்கு எழுதிய நிருபம்' இந்த இரட்டைப் பொருளையே ஆதாரமாக்கி, எழுதியவர் மரித்தால்தான் சாசனம் செல்லும் என்று வாதிக்கிறது. பழைய தமிழ் பைபிளில் அவ்விடத்தில் 'மரணசாசனம்' என்றே மொழிபெயர்த்திருக்கிறார்கள். இரு தரப்பு ஒப்பந்தம் ஒரு தரப்பு நன்கொடையாக மாறும் போக்கு அந்த ஒரு சொல்லிலேயே தெரிகிறது.

பழைய உடன்படிக்கை

பைபிளில் உடன்படிக்கை என்பது ஒன்றல்ல, பல. வெள்ளம் வடிந்த பின் நூஹு நபியோடு செய்யப்பட்டது ஒன்று. அதற்கு வானவில் அடையாளம். இப்ராஹீம் நபியோடு செய்யப்பட்டது மற்றொன்று. அதற்கு விருத்தசேதனம், அதாவது நாம் ஸுன்னத் என்று சொல்லும் கத்னா, அடையாளம். மூஸா நபியின் வாயிலாக சீனாய் மலையடியில் இஸ்ரவேலர் அனைவரோடும் செய்யப்பட்டது மூன்றாவது. ஸப்த் என்னும் சனிக்கிழமை ஓய்வு அதன் அடையாளம். தாவூது நபிக்கு அவருடைய அரியணையைக் குறித்து வாக்களிக்கப்பட்டது இன்னொன்று.

கிறிஸ்தவர்கள் 'பழைய உடன்படிக்கை' என்று சொல்லும்போது பெரும்பாலும் சீனாய் மலையடியில் செய்யப்பட்டதையே கருதுகிறார்கள். யாத்திராகமம் 24-ஆம் அதிகாரம் அதை விவரிக்கிறது. மூஸா (அலை) அவர்கள் கட்டளைகளை மக்களுக்கு ஓதிக் காட்டுகிறார்கள். மக்கள் அனைவரும் கீழ்ப்படிவதாக ஒப்புக் கொள்கிறார்கள். பலியின் இரத்தத்தில் பாதி பலிபீடத்திலும் பாதி மக்கள் மீதும் தெளிக்கப்படுகிறது. கீழ்ப்படிந்தால் ஆசி, மீறினால் தண்டனை என்பது அதன் ஷரத்து. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்துக் கட்டளைகளின் தொடக்கத்தில் இறைவன் முதலில் நினைவூட்டுவது எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து தான் விடுவித்த செய்தியைத்தான். அதாவது அருள் முந்துகிறது, சட்டம் பிந்துகிறது. பழைய உடன்படிக்கையில் அருளே இல்லை, வெறும் சட்டம்தான் என்று சிலர் சொல்வது அந்த வேதத்தின்படியே சரியன்று.

எரேமியா சொன்ன புதிய உடன்படிக்கை

'புதிய உடன்படிக்கை' என்ற சொல் முதன்முதலில் வருவது புதிய ஏற்பாட்டில் அன்று, பழைய ஏற்பாட்டிலேதான். எரேமியா என்னும் தீர்க்கதரிசியின் ஆகமத்தில் 31-ஆம் அதிகாரத்தில் அது காணப்படுகிறது. அவருடைய காலம் யூதர்களுக்குப் பெரும் சோதனைக் காலம். பாபிலோனியர் படையெடுத்து, கி.மு. 586-ஐ ஒட்டி ஜெரூசலம் நகரையும் ஆலயத்தையும் அழித்தார்கள். உடன்படிக்கை முறிந்து போயிற்று, இனி நமக்கு என்ன கதி என்று மக்கள் கலங்கிய நேரம். அப்போது அவர் ஒரு வாக்குறுதியைக் கூறினார். இஸ்ரவேல் குடும்பத்தாரோடும் யூதா குடும்பத்தாரோடும் இறைவன் புதிய உடன்படிக்கை செய்வான். சட்டத்தை அவர்களுடைய உள்ளத்திலே எழுதுவான். அவர்கள் பாவத்தை மன்னித்து மறந்துவிடுவான் என்பது அதன் சாரம். ஏறக்குறைய அதே காலத்தவரான எசேக்கியேலின் ஆகமமும், கல்லான இதயம் நீங்கிச் சதையான இதயம் தரப்படும் என்று பேசுகிறது.

இங்கே இரண்டு செய்திகளை ஊன்றிப் பார்க்க வேண்டும். முதலாவது, எரேமியாவின் வார்த்தையில் சட்டம் நீக்கப்படவில்லை. எழுதப்படும் இடம்தான் மாறுகிறது. கல்லில் இருந்த அதே சட்டம் இதயத்துக்கு வருகிறது. இரண்டாவது, புதிய உடன்படிக்கையைச் சொல்வதற்குச் சற்று முன்னால், அதே அதிகாரத்தில், அவர் மற்றொன்றையும் சொல்லிவிடுகிறார். பெற்றோர் புளிப்பான திராட்சையைத் தின்றால் பிள்ளைகளின் பல் கூசும் என்று அக்காலத்தில் ஒரு பழமொழி வழங்கி வந்தது. அந்தப் பழமொழி இனிச் செல்லாது, அவரவர் பாவத்துக்கு அவரவரே பொறுப்பு என்கிறார். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்புவோம்.

பவுலின் விளக்கம்

கடைசி இராப்போஜனத்தில் ஈஸா (அலை) அவர்கள் பாத்திரத்தை எடுத்துத் தம் இரத்தத்தினால் ஆகும் புதிய உடன்படிக்கை என்று கூறியதாக லூக்காவின் சுவிசேஷமும், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபமும் சொல்கின்றன. கிறிஸ்தவர்கள் இன்றும் ஆலயங்களில் அப்பமும் திராட்சை ரசமும் கொண்டு நினைவு கூர்வது இதைத்தான். எரேமியா சொன்ன வாக்குறுதி ஈஸாவின் மரணத்தால் நிறைவேறிற்று என்பது அவர்களுடைய நம்பிக்கை.

இதற்கு விரிவான விளக்கம் தந்தவர் பவுல். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அவர் வைக்கும் வாதம் இது: இப்ராஹீமுக்கு வாக்குறுதி தரப்பட்டது முதலில், மூஸாவின் சட்டம் வந்தது 430 ஆண்டுகள் கழித்து. பின்னால் வந்தது முன்னால் தந்ததை ரத்துச் செய்யாது. அப்படியானால் சட்டம் எதற்கு? சிறுவனைக் கைப்பிடித்து ஆசிரியரிடம் கொண்டு விடும் வேலைக்காரனைப் போல அது ஓர் இடைக்கால ஏற்பாடு. பிள்ளை வளர்ந்ததும் வேலைக்காரனின் பொறுப்பு தீர்ந்தது. ரோமருக்கு எழுதிய நிருபத்தில், இப்ராஹீம் கத்னா செய்து கொள்வதற்கு முன்பே ஈமானால் நீதிமான் எனப்பட்டார் என்று காட்டுகிறார்.

ஆனால் பவுல் சட்டத்தைத் தீயது என்று சொன்னதாக நினைப்பது தவறு. அதே ரோமர் நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தில் சட்டம் பரிசுத்தமானது, நல்லது என்று ஒப்புக் கொள்கிறார். குறை சட்டத்தில் இல்லை, மனிதனின் பலவீனத்தில் இருக்கிறது என்பது அவர் கருத்து. சட்டம் நோயைக் காட்டும்; மருந்து தராது. அருளின் கீழ் இருக்கிறோம் என்பதற்காகப் பாவம் செய்யலாமா என்று தாமே கேட்டு, கூடவே கூடாது என்று தாமே விடையும் சொல்கிறார். எபிரெயர் நிருபம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. எரேமியாவின் பகுதியை அப்படியே நீளமாக எடுத்தெழுதுகிறது. புதிய ஏற்பாட்டில் எடுத்தாளப்பட்ட பழைய ஏற்பாட்டுப் பகுதிகளில் இதுவே மிக நீளமானது. புதியது வந்ததால் முந்தியது பழசாகிவிட்டது என்றும், ஆடு மாடுகளின் இரத்தத்தால் பாவம் நீங்காது என்றும், ஒரே பலி ஒரே தடவையில் எல்லாவற்றையும் முடித்துவிட்டது என்றும் அது கூறுகிறது.

தீராத வழக்கு

இத்தோடு அவர்களுக்குள் வழக்கு தீர்ந்துவிடவில்லை. மத்தேயுவின் சுவிசேஷம் 5-ஆம் அதிகாரத்தில், தாம் சட்டத்தை அழிக்க வரவில்லை, நிறைவேற்றவே வந்ததாக ஈஸா (அலை) அவர்களே கூறுவதாக உள்ளது. யாக்கோபின் நிருபமோ, பவுல் ஈமானுக்குச் சான்றாகக் காட்டிய அதே இப்ராஹீமை எடுத்துக் கொண்டு, மகனைப் பலியிட முன்வந்த செயலாலன்றோ அவர் நீதிமான் எனப்பட்டார் என்று கேட்கிறது. செயலற்ற ஈமான் செத்தது என்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதருக்கு இந்த நிருபம் பிடிக்கவில்லை. 1522-இல் தாம் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் அதனை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். ஆனால் அதே லூதர், இனிக் கிறிஸ்தவனுக்குச் சட்டத்தைப் போதிக்கவே வேண்டாம் என்று அவருடைய சீடர் யோகான் அகிரிக்கோலா கிளம்பியபோது, 1537-க்குப் பின் அவரை வன்மையாக எதிர்த்து எழுத நேர்ந்தது.

முற்காலத்தில் மார்சியோன் என்றொருவர் இருந்தார். பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, ஈஸா அறிவித்த கடவுள் வேறு என்று கூறி, பழைய ஏற்பாட்டை முழுதுமே தள்ளினார். கி.பி. 144-இல் ரோமாபுரியின் திருச்சபை அவரை விலக்கி வைத்தது. இது அவர்களுடைய வரலாற்றில் பாராட்டத்தக்க முடிவாகும். தந்தவன் ஒருவனே, ஏற்பாடு இரண்டாயினும் இறைவன் இருவர் அல்லர் என்பதில் அவர்கள் உறுதியாக நின்றார்கள்.

பிற்காலத்தார் சட்டத்தை மூன்றாகப் பகுத்தார்கள். விபசாரம் கூடாது, பொய்ச்சாட்சி கூடாது என்பன போன்ற ஒழுக்கச் சட்டம் என்றும் உண்டு. பலி, உணவு, தூய்மை பற்றிய சடங்குச் சட்டம் தீர்ந்தது. இஸ்ரவேலரின் அரசியல் சட்டம் அவர்களோடு போயிற்று என்பது அந்தப் பகுப்பு. தாமஸ் அக்வினாஸ் இதைத் தெளிவாக வகுத்தார். ஆனாலும் எத்தியோப்பியத் திருச்சபையினர் கத்னா செய்கிறார்கள். பன்றி இறைச்சியை விலக்குகிறார்கள். சனிக்கிழமையையும் ஞாயிற்றுக்கிழமையையும் கண்ணியப்படுத்துகிறார்கள். ஏழாம் நாள் அட்வெந்து சபையார் சனிக்கிழமையையே ஓய்வு நாளாகக் கொள்கிறார்கள். 1965-இல் கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, யூதர்களுக்கு இறைவன் தந்ததை அவன் திரும்பப் பெறவில்லை என்ற பவுலின் கருத்தை மீண்டும் நினைவூட்டியது. ஆகவே 'கிறிஸ்தவர்கள் சட்டத்தைத் தூக்கி எறிந்தவர்கள்' என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடிப்பது நியாயமாகாது.

நாம் எங்கே ஒன்றுபடுகிறோம்?

நம்மில் சிலர், "ஒரு சட்டத்தைத் தந்துவிட்டு அதை மாற்றுவானா இறைவன்?" என்று கிறிஸ்தவர்களைக் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி நம்மீதே திரும்பும் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. முந்திய ஷரீஅத்துகள் பிந்திய ஷரீஅத்தால் மாற்றப்பட்டன என்பது நம் கொள்கையும் அல்லவா? ஈஸா (அலை) அவர்கள் தமக்கு முன்னிருந்த தவ்ராத்தை மெய்ப்பிக்கவும், பனூ இஸ்ராயீல்களுக்கு விலக்கப்பட்டிருந்தவற்றில் சிலவற்றை ஆகுமாக்கவும் வந்ததாக ஆலஇம்ரான் ஸூராவிலேயே வருகிறது. ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு சட்டமும் வழியும் தரப்பட்டதாக அல்மாயிதா ஸூரா சொல்கிறது. நபிமார்கள் ஒரே தந்தையின் பிள்ளைகளைப் போன்றவர்கள்; தாய்மார் வேறு, மார்க்கம் ஒன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

எனவே வேற்றுமை 'மாறலாமா, கூடாதா' என்பதில் இல்லை. மாறியபின் அந்த இடத்தில் எது வருகிறது என்பதில்தான் இருக்கிறது. ஒரு ஷரீஅத்தின் இடத்தில் இன்னொரு ஷரீஅத் வருகிறது என்கிறோம் நாம். சட்டத்தின் இடத்தில் ஒரு மனிதரும் அவருடைய பலியும் வந்ததாக அவர்கள் சொல்கிறார்கள். முச்சந்தி இதுதான்.

உடன்படிக்கை வம்ச உரிமையன்று என்பதிலும் நாம் ஒன்றுபடுகிறோம். இப்ராஹீம் (அலை) அவர்களை மக்களுக்கு இமாமாக ஆக்குவதாக அல்லாஹ் வாக்களித்தபோது, தம் சந்ததியினருக்கும் அது உண்டா என்று அவர்கள் கேட்டார்கள். அநியாயக்காரரை அவனுடைய வாக்குறுதி சேராது என்று பதில் கிடைத்தது. இன்னார் பேரன், இன்ன பரம்பரை என்று மார்தட்டும் நமக்கும் அந்தப் பதில் உரியதே.

பலியின் சதையோ இரத்தமோ அல்லாஹ்வைச் சேர்வதில்லை, உங்கள் தக்வாவே சேர்கிறது என்ற கருத்து அல்ஹஜ் ஸூராவில் இருக்கிறது. ஆடு மாட்டின் இரத்தம் பாவத்தைக் கழுவாது என்ற எபிரெயர் நிருபத்தின் வார்த்தையோடு நமக்குப் பிணக்கு இல்லை. ஆனால் அவர்கள் அதிலிருந்து மேலான ஓர் இரத்தம் தேவை என்ற முடிவுக்குப் போகிறார்கள். இரத்தமே தேவையில்லை, தக்வாதான் தேவை என்ற முடிவுக்கு நாம் வருகிறோம்.

கடன் வேறு, குற்றம் வேறு

எபிரெயர் நிருபம் ஈஸாவை மேலான உடன்படிக்கைக்குப் 'பிணையாளி' என்று அழைக்கிறது. பிணை ஏற்பது நமக்குத் தெரியாத விஷயமன்று. கடன்பட்டு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டு வரப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் தாமே தொழ வைக்கத் தயங்கினார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்றுக் கொண்ட பின்பே தொழ வைத்தார்கள். ஆகவே ஒருவர் கடனை மற்றொருவர் ஏற்கலாம். பணத்துக்கு முகம் இல்லை. யார் கொடுத்தாலும் கடன்காரன் வாங்கிக் கொள்வான்.

ஆனால் குற்றம் அப்படியா? ஒருவன் தன் தாயை அடித்துவிட்டான். அண்ணன் வந்து, "அவனுக்குப் பதிலாக என்னை அடியுங்கள்" என்கிறான். அண்ணனின் அன்பு பெரிது, சந்தேகமில்லை. அடித்தவனின் கை அதனால் சுத்தமாகிவிட்டதா? அந்தக் கை, தானே தாயின் காலைத் தொட்டால்தான் சுத்தமாகும். கடன் பொருளில் இருக்கிறது. குற்றம் ஆளிலேயே இருக்கிறது. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்று திருமறை பல இடங்களில் சொல்வதன் கருத்து இதுதான். எரேமியா அந்தப் புளித்த திராட்சைப் பழமொழியைத் தள்ளியபோது சொன்னதும் இதைத்தான் என்று நாம் எண்ணுகிறோம்.

இதற்குக் கிறிஸ்தவ அறிஞர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள், அதையும் மறைக்கக்கூடாது. மூன்றாம் மனிதர் ஒருவரைப் பிடித்துத் தண்டித்ததாக எண்ணாதீர்கள், இறைவனே மனித உருவில் வந்து தானே அந்த விலையை ஏற்றுக் கொண்டான் என்கிறார்கள். விலையின்றி மன்னித்தால் பாவம் மலிவாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். இறைவன் மனித உருவெடுத்தான் என்பதை நம் தவ்ஹீது ஏற்காது. அது தனி விஷயம். ஆனால் 'மன்னிப்பு மலிவாகக்கூடாது' என்ற அவர்களுடைய கவலை நியாயமான கவலை. அதற்கு நம் மார்க்கத்தின் பதில் என்ன?

தவ்பாதான் பதில். தவ்பா என்பது நாவால் அஸ்தக்ஃபிருல்லாஹ் சொல்லிவிடுவதன்று. செய்ததற்கு வருந்த வேண்டும். அதை உடனே விட வேண்டும். மீண்டும் செய்யமாட்டேன் என்று உறுதி கொள்ள வேண்டும். மனிதருக்குரிய உரிமையைப் பறித்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அவரிடம் மன்னிப்புப் பெற வேண்டும். அல்லாஹ்வின் பாதையில் உயிரையே கொடுத்த ஷஹீதுக்குக்கூடக் கடன் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. அண்டை வீட்டுக்காரரின் வரப்பை வெட்டி இழுத்தவர் ஆயிரம் ரக்அத் தொழுதாலும், அந்த வரப்பைத் திருப்பி வைக்காதவரை கணக்குத் தீராது. பாவத்தை மலிவாக்காமல் மன்னிக்கும் வழி இதுவே என்பது நம் நம்பிக்கை.

கிறிஸ்தவர்களிலும் இந்த ஆபத்தை உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மானியப் பாதிரியார் டீட்ரிக் போன்ஹோஃபர், கீழ்ப்படிதல் இல்லாமல் பெறும் அருளை 'மலிவான கிருபை' என்று பெயரிட்டு 1937-இல் வெளியான தம் நூலில் கண்டித்தார். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்த குற்றத்துக்காக அவர் 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அவர் அகீதா வேறு, நம் அகீதா வேறு. ஆயினும் தன் வார்த்தைக்குத் தன் உயிரால் விலை கொடுத்தவர் சொன்னதை நாம் மரியாதையோடு கேட்கலாம்.

அன்னை ஹாஜரா காட்டும் வழி

கலாத்தியர் நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில் பவுல் ஓர் உவமை சொல்கிறார். இப்ராஹீம் நபியின் இரு மனைவியரும் இரண்டு உடன்படிக்கைகளுக்கு அடையாளமாம். ஹாஜரா சீனாய் மலைக்கும் அடிமைத்தனத்துக்கும் அடையாளம். ஸாரா வாக்குறுதிக்கும் சுதந்திரத்துக்கும் அடையாளம். புறஜாதியாரும் கத்னா செய்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியவர்களுக்கு எதிராக அவர் வைத்த வாதம் அது. அரபு மக்களையோ, ஐந்நூறு ஆண்டுகளுக்கும் பின்னால் வந்த நம்மையோ நினைத்து எழுதியதன்று. ஆகவே அதைப் படித்து ஆத்திரப்படத் தேவையில்லை. ஆனால் அதே அன்னையை நாம் எப்படி அறிந்திருக்கிறோம் என்பதைச் சொல்லலாம் அல்லவா?

பயிர் பச்சை இல்லாத பள்ளத்தாக்கில் கைக்குழந்தையோடு அவர்களை விட்டுவிட்டு இப்ராஹீம் (அலை) அவர்கள் திரும்பி நடக்கிறார்கள். "இது அல்லாஹ் இட்ட கட்டளையா?" என்று அன்னை கேட்கிறார்கள். ஆம் என்ற பதில் வந்ததும், அப்படியானால் அவன் நம்மைக் கைவிடமாட்டான் என்கிறார்கள். இது பூரண நம்பிக்கை. இதற்கு மேல் ஒரு தவக்குல் இல்லை. ஆனால் தண்ணீர் தீர்ந்து பிள்ளை துடித்தபோது, 'அவன்தான் கைவிடமாட்டானே' என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் ஏழு தடவை ஓடினார்கள்.

தண்ணீர் எங்கே வந்தது? ஸஃபாவிலா, மர்வாவிலா? அவர்கள் ஓடிய எந்த முனையிலும் வரவில்லை. குழந்தை கிடந்த இடத்தில் வந்தது. ஓட்டம் தண்ணீரைக் கொண்டு வரவில்லை. அல்லாஹ்வின் அருள் கொண்டு வந்தது. அப்படியென்றால் ஓட்டம் வீணா? வீணானால் இன்றுவரை ஹாஜிகள் அந்தப் பாதையில் ஓடுவானேன்? அல்லாஹ் அந்த ஓட்டத்தையே தன் அடையாளங்களில் ஒன்றாக ஆக்கிவிட்டானே! சட்டமும் அருளும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? அமலால் சொர்க்கத்தை விலைக்கு வாங்க முடியாது. தம் அமலால் மட்டும் எவரும் சொர்க்கம் புகமாட்டார், அல்லாஹ்வின் ரஹ்மத் போர்த்திக் கொண்டாலன்றித் தாமும் அப்படியே என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அப்படிக் கூறிய அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம் கால்கள் வீங்கும் வரை இரவில் நின்று தொழுதார்கள்.

வீட்டுக்குள் திரும்புவோம்

"உள்ளம் சுத்தமாக இருந்தால் போதாதா?" என்று கேட்ட வாலிபனுக்கு இப்போது பதில் சொல்லலாம். தம்பி, உள்ளம் சுத்தமாக வேண்டும் என்று நீ சொல்வது முழு உண்மை. மறுமையில் பயன் தருவது சுத்தமான இதயமே என்று குர்ஆனும் சொல்கிறது. ஆனால் சட்டம் இதயத்தில் எழுதப்பட்டுவிட்டது என்பதற்கு என்ன அடையாளம்? தாய்மீது பாசம் இருக்கிறது என்று சொல்லிக் கொண்டு, ஊரில் இருந்தும் வாரக் கணக்கில் அவள் முகத்தைப் பார்க்காத மகனின் பாசத்தை யார் நம்புவார்? இதயத்தில் எழுதியது கை காலில் தெரியும். அத்துடன் இதயத்தில் எழுதும் பேனாவும் அமல்தான். சுபுஹுக்கு எழுந்து எழுந்துதான் ஒருவன் சுபுஹை நேசிக்கக் கற்றுக் கொள்கிறான். நேசம் வந்த பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருப்பவன் கடைசிவரை படுத்தே கிடப்பான்.

எடையில் கை வைக்கும் பெரியவருக்கும் ஒரு வார்த்தை. எழுத்து கொல்லும் என்று பவுல் எழுதினார். அவர் சொன்ன பொருளில் அதை நாம் ஏற்காவிட்டாலும், உயிரற்ற எழுத்து மனிதனைக் கொன்றுவிடும் என்பதை நம் வேதமும் சொல்லத்தான் செய்கிறது. வேதத்தைச் சுமந்தும் அதன்படி நடக்காதவரை, ஏடுகளைச் சுமக்கும் கழுதைக்கு அது ஒப்பிடுகிறது. தொழுகையில் பராமுகமாக இருந்து, பிறருக்குக் காட்டுவதற்காகத் தொழுது, அண்டை வீட்டார் கேட்கும் அற்பப் பொருளையும் கொடுக்க மறுப்பவர்களுக்குக் கேடுதான் என்று ஒரு சிறு ஸூரா முழுக்கப் பேசுகிறது. அது யூதர்களைப் பற்றியது, கிறிஸ்தவர்களைப் பற்றியது என்று நாம் தள்ளிவிட முடியாது. தொழுகிறவர்களைப் பற்றியது அது.

தாய்மார்களுக்கும் ஒன்று. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை வந்து, "அவங்க வேதத்தில் அருள் இருக்கிறதாம், நம்ம வேதத்தில் சட்டம் மட்டும்தானாமே?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். அந்த மதத்தைத் தாழ்த்தியும் பேசாதீர்கள். ஒவ்வொரு காரியத்தையும் பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் என்று ரஹ்மத்தைச் சொல்லித்தானே நாம் தொடங்குகிறோம் என்று நினைவூட்டுங்கள். அன்னை ஹாஜராவின் கதையைச் சொல்லுங்கள். அதுவே போதும்.

ஆதி உடன்படிக்கை

அல்லாஹ் ஆதமுடைய மக்கள் அனைவரிடமும், "நான் உங்கள் இரட்சகன் அல்லவா?" என்று கேட்டு வாங்கிய வாக்குறுதியை அல்அஃராஃப் ஸூரா நினைவூட்டுகிறது. அது பழைய உடன்படிக்கைகளுக்கெல்லாம் பழையது. ஆனால் ஒவ்வொரு பிள்ளை பிறக்கும்போதும் புதியது. அதில் யூதரும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு, நாமும் உண்டு.

இஸ்திக்ஃபார்களின் தலைவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அழைத்த ஒரு துஆ இருக்கிறது. காலையிலும் மாலையிலும் ஓத வேண்டியது. அதை ஓதும் அடியான், தன்னால் இயன்ற வரை அல்லாஹ்வின் உடன்படிக்கையில் நிலைத்திருப்பதாகச் சொல்கிறான். அடுத்து, தன்மீது அவன் பொழிந்த அருளை ஒப்புக் கொள்கிறான். அடுத்து, தன் பாவத்தை ஒப்புக் கொண்டு மன்னிப்பைக் கேட்கிறான். சட்டம், அருள், மன்னிப்பு மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. 'இயன்ற வரை' என்ற சொல்லிலே மனிதனின் பலவீனமும் ஒப்புக் கொள்ளப்பட்டுவிட்டது. அந்தத் துஆவை மனனமில்லாதவர்கள் இந்த வாரமே மனனம் செய்து கொள்ளட்டும்; மனனமுள்ளவர்கள் பொருளுணர்ந்து ஓதட்டும்; பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுக்கட்டும்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் மக்களாக, காப்பாற்றத் தவறியபோது அவனிடமே திரும்பி வரும் மக்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.